கோதைக் கொடுக்கலாம், ரவையைக் கொடுக்கலாகாது

(ரொறன்ரோவில் தமிழ் வாசகர் கூடல் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு மூன்று பேர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்வி: "துவக்கைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு மேடை வேணுமோ?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருக்கிற பலருடைய வீட்டுச் சுவரில் மாலை போட்ட ஒரு படம் தொங்குகிறது. என்னுடைய வீட்டிலும் தொங்குகிறது. ஆகவே நான் எதைப் பேசப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடதாசி இலக்கைக் குறிபார்த்துச் சுடுவது, இலையுதிர் காலத்தில் வேட்டைக்குப் போவது, அதற்கு வேண்டிய ரவையை வீட்டு மேசையில் நாமே கட்டிக்கொள்வது, இதை எனக்குக் கற்றுத் தந்தவர்களோடும் என்னிடம் கற்க வருகிறவர்களோடும் பகிர்ந்துகொள்வது. ஆங்கிலத்தில் ஹாண்ட்லோடிங் என்று சொல்லப்படுவதைத்தான் ரவை கட்டுதல் என்கிறேன்.

வடக்கு என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வடக்குத்தான் மனதில் வரும். நான் இருப்பது இன்னொரு வடக்கு. இங்கிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். சுப்பீரியர் ஏரியின் கரையைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு நாள் கார் ஓட்டம். தண்டர் பே. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் காகித ஆலையில் வேலை கிடைத்துப் போனேன். போன முதல் மாரியில் வெப்பமானி மைனஸ் 34 காட்டியது. ஊரில் ஆறு மாதம் பனி. அந்த ஆறு மாதமும் மனிதர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடாமல் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பாதிப் பேர் தங்கள் பேஸ்மென்ற்றில் இருக்கிறார்கள். ஒருவர் மரம் இழைக்கிறார், ஒருவர் தூண்டில் ஈ கட்டுகிறார், ஒருவர் ரவை கட்டுகிறார்.

துவக்கோடு எனக்கு இருந்த முதல் அறிமுகம் போர் அல்ல. அது என் அம்மப்பா. முல்லைத்தீவுப் பக்கம் காட்டோரக் கிராமம். பன்றி வந்து பயிரை உழுதுவிட்டுப் போகும். அம்மப்பாவிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: இடியன் என்பது குழலின் வாய் வழியாக மருந்து இட்டு, இடித்து, சுடுகிற பழைய துவக்கு. இடிப்பதால் இடியன். அவர் மாலையில் திண்ணையில் இருந்து அதைக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சுரைக்குடுக்கையில் இருந்து மருந்தை ஒரு சின்னப் பித்தளை மூடியில் கொட்டுவார். விளிம்பை விரலால் வழித்து மட்டம் பண்ணுவார். குழலில் இடுவார். அதன் மேல் தேங்காய்த் தும்பு. நீளக் கம்பியால் எண்ணி எண்ணி இடிப்பார். பிறகு ஈயக் குண்டு, மறுபடியும் தும்பு. அந்த நேரத்தில் யாரும் அவரோடு கதைக்கக் கூடாது. பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும்.

என் மாமா ஒருநாள், "நீங்கள் களைச்சுப் போனியள், நான் இடிச்சுத் தாறன்" என்று கேட்டார். அம்மப்பா துவக்கைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "மற்றவன் இடிச்ச துவக்கை நான் தோளில வைக்க மாட்டன் தம்பி. நான் இடிச்சதை நீயும் வைக்காதை" என்றார். நான் அன்று அதைக் கிழவரின் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். முப்பது ஆண்டுகள் கழித்து, உலகத்தின் மறு கோடியில், வேறு மொழி பேசுகிற ஒரு பெரியவர் அதே வார்த்தையை எனக்குச் சொன்னார். இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த வார்த்தையைச் சுற்றித்தான்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டர் பேயில் பின்லாந்துக்காரர் நிறையப் பேர். பின்லாந்துக்கு வெளியே அவர்கள் திரளாக வாழ்கிற ஊர்களில் அதுவும் ஒன்று. 1910 இல் அவர்கள் தங்கள் தொழிலாளர் சங்கத்துக்காகக் கட்டிய மண்டபம் அந்த நகரத்தின் அடையாளமாக இருந்தது. 2021 டிசம்பரில் அது எரிந்து போனது. இவரும் பின்லாந்துக்காரர்தான். ஆலையில் எனக்கு முன் தலைமுறை, ஓய்வு பெற்றவர். என்னோடு வேலை செய்த ஒருவர் ஒரு சனிக்கிழமை சூட்டுக்களத்துக்கு வரச் சொன்னார். மூஸ் மான் வேட்டைக்கு என்னையும் சேர்த்துக்கொள்ள அவருக்கு ஆசை. போனேன். கார்க் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ சுட்டார்கள்.

நான் காருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. உடம்பு என்னைக் கேட்காமல் தானே போய்விட்டது. எழும்பிப் பார்த்தால் இந்தப் பெரியவர் கொஞ்சம் தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சிரிக்கவும் இல்லை, இரக்கப்படவும் இல்லை. தன் வானின் பின்கதவைத் திறந்து, போத்தலில் இருந்து கோப்பி ஊற்றி என்னிடம் நீட்டினார். "எந்த நாடு?" என்று கேட்டார். சொன்னேன். "நாங்கள் கரேலியா" என்றார். எனக்கு அப்போது கரேலியா எங்கே இருக்கிறது என்று தெரியாது. வீட்டுக்குப் போய் வாசித்தேன். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியத்திடம் பின்லாந்து இழந்த நிலம். நான்கு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் அங்கிருந்து இடம்பெயர்ந்தார்கள். அவருடைய குடும்பமும் அதில் ஒன்று. 1950களில் அவர் சிறுவனாகக் கப்பலேறிக் கனடாவுக்கு வந்தவர்.

அன்று நான் சுடவில்லை. நான்கு சனிக்கிழமைகள் சும்மா போய் இருந்து பார்த்தேன். சத்தத்துக்குக் காது பழகியது. ஒழுங்குக்கு மனம் பழகியது. இரண்டாவதுதான் முக்கியம். களத்தில் சிவப்புக் கொடி ஏறியிருந்தால் சூடு நடக்கிறது. பொறுப்பாளர் நிறுத்தச் சொன்ன கணத்தில் எல்லோரும் நிறுத்த வேண்டும். ரவையை எடுத்து, குழலைப் பின்னால் பூட்டுகிற போல்ற்றைத் திறந்து வைத்து, துவக்கைத் தொடாமல் பின்னால் வந்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இலக்கைப் பார்க்க யாரும் முன்னால் போகலாம். ஊரில் நான் கேட்ட வெடி எதற்கும் இப்படி ஒரு முன்னறிவிப்பு இருந்ததில்லை. எப்போது வரும் என்று தெரியாத சத்தம் ஒன்று. கொடி ஏற்றி, சொல்லி, எண்ணி வருகிற சத்தம் இன்னொன்று. என் உடம்புக்கு அந்த வித்தியாசம் விளங்க நான்கு கிழமை எடுத்தது.

அதன் பிறகு முறைப்படி பாதுகாப்புப் பாடம் படித்தேன், பரீட்சை எழுதினேன், உரிமம் எடுத்தேன். கனடாவில் இவை இல்லாமல் துவக்கு வாங்க இயலாது. வீட்டில் துவக்கை ரவை நீக்கிப் பூட்டி வைக்க வேண்டும் என்பதும் சட்டம். இந்த மேடையில் இருந்து யாராவது ஆர்வப்பட்டுப் போனால் அந்த வாசல் வழியாகவே போங்கள்.

நவம்பரில் பெரியவர் என்னைத் தன் பேஸ்மென்ற்றுக்குக் கூப்பிட்டார். ரவை என்பது நான்கு பொருள். பித்தளைக் கோது, அதன் அடியில் தீப்பொறி தருகிற பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டால் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கோது மட்டும் கையில் மிஞ்சும். அதுதான் நான்கிலும் விலை கூடியது. நூறு பங்கில் எழுபது செம்பு, முப்பது துத்தநாகம் என்று கலந்த அந்தப் பித்தளை, வெடிக்கும்போது விரிந்து துவக்கின் அறைச்சுவரோடு ஒட்டும், பிறகு கொஞ்சம் சுருங்கி விடும். அதை அச்சில் இட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். அச்சை அங்கே எல்லோரும் டை என்பார்கள். புதுப் பிரைமர், அளந்த மருந்து, புதுக் குண்டு. கோது மறுபடியும் ரவையாகிவிடும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. அவர் முதல் நாள் மருந்தைக் கண்ணில் காட்டவே இல்லை. ஒரு கிண்ணம் நிறையச் சுட்ட கோதுகளைத் தந்தார். எல்லாம் பழைய .303 அளவுக் கோதுகள். மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கி போலக் கொஞ்சம் வளைத்து, அதையும் தந்தார். "கோதுக்குள்ளே விட்டு அடிச்சுவரைத் தடவிக்கொண்டு மேலே இழு. ஏதாவது தட்டுப்படுகிறதா சொல்" என்றார். இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதோ எட்டாவதோ, அடியில் இருந்து ஒரு விரற்கடை உயரத்தில், நகத்தால் கண்ணாடியில் ஒரு கீறலைத் தொட்ட மாதிரிக் கம்பி நின்றது. அவரைப் பார்த்தேன். அவர் அந்தக் கோதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். வெளிப்பக்கம் அதே உயரத்தில் மயிரிழை போல ஒரு பளபளப்பான வளையம் சுற்றி ஓடியது. அரம் எடுத்து நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். உள்ளே சுவர் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து கடதாசி கனத்துக்கு வந்திருந்தது. இன்னொரு தடவை சுட்டிருந்தால் கோது அங்கே இரண்டாகப் பிரியும். கொதிக்கிற வாயு பின்பக்கமாக, முகத்தை நோக்கி வரும். அந்தக் கிண்ணத்தில் அப்படி ஐந்து இருந்தன. ஐந்தையும் நானே கண்டுபிடிக்கும் வரை அவர் இருந்த கதிரையை விட்டு எழும்பவில்லை.

இந்தக் குறை .303 இல் ஏன் அதிகம் என்பதையும் அவர்தான் விளக்கினார். .303 ரவை போடுகிற லீ-என்ஃபீல்ட் துவக்கின் போல்ற் பின்பக்கத்தில் பூட்டுகிறது. அறையும், சேறும் மணலும் புகுந்தாலும் ரவை போகட்டும் என்று, கொஞ்சம் தாராளமாகக் குடையப்பட்டது. போர்க்களத்தில் அது பெரிய வரம். அங்கே சுட்ட கோதை யாரும் திரும்பப் பாவிக்கப் போவதில்லை. ஆனால் மேசையில் இருந்து கட்டுகிறவனுக்கு அந்தத் தாராளம்தான் பகை. ஒவ்வொரு வெடிக்கும் கோது நீளும். அதனால் அந்தத் துவக்குக்குக் கட்டுகிறவர்கள் கோதின் கழுத்தை மட்டும் அச்சில் இடுவார்கள், உடலைத் தொடமாட்டார்கள். உடல் அந்தத் துவக்கின் அறைக்கு ஏற்பத் தன்னை ஆக்கிக்கொண்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆக அந்தக் கோது இனி அந்த ஒரு துவக்குக்கு மட்டுமே சொந்தம்.

லீ-என்ஃபீல்ட் என்று சொன்னதால் இந்த மண்ணோடு அதற்குள்ள உறவை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. லீ என்பவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்கொட்லாந்தில் பிறந்தவர், சின்ன வயதில் குடும்பத்தோடு வந்து வளர்ந்தது ஒன்ராறியோவின் கால்ற் என்ற ஊரில். இன்றைக்கு அது கேம்பிரிட்ஜ் நகரத்தின் ஒரு பகுதி. எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தத் துவக்கு இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது இங்கே, லோங் பிராஞ்சில். அந்த ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செய்த துவக்குகளைச் சோதித்த கட்டடம் மிசிசாகாவில் லேக்‌ஷோர் வீதியில் இன்றும் நிற்கிறது. கலை நிகழ்ச்சிகள் நடக்கிற இடமாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு நாள் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள்.

அங்கே செய்த துவக்குகள் வடக்கே போய் ஒரு நீண்ட வாழ்வு வாழ்ந்தன. 1947 இல் கனேடிய ரேஞ்சர்ஸ் என்ற படைப்பிரிவு தொடங்கப்பட்டது. வடதுருவப் பக்கத்திலும் ஒதுக்குப்புறக் கரையோரங்களிலும் வாழ்கிற மக்களே அதில் இருப்பார்கள். அவர்களில் பலர் இனுயிற், முதற்குடி மக்கள். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசுகிறவர்கள், ஏறக்குறைய 5,000 பேர். அவர்கள் கையில் லீ-என்ஃபீல்ட் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. எண்ணெய் உறைகிற குளிரிலும் அதன் போல்ற் ஓடியது என்பதுதான் காரணம். அறையின் அந்தத் தாராளம் பனியிலும் உதவியது. இப்போது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் சி-19 என்ற துவக்கு பின்லாந்தின் ரிக்கா துவக்கைத் தழுவிக் கனடாவில் செய்யப்பட்டது. தடித்த கையுறை போட்ட விரல் நுழையட்டும் என்று அதன் விசைக்காப்பைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள்.

பின்லாந்து இந்தத் தொழிலில் எங்கும் வந்துகொண்டே இருக்கும். மருந்து என்றால் விகிதாவோரி, அங்கே 1920களில் அரசு வெடிமருந்து ஆலையாகத் தொடங்கியது. கோதுக்குப் பேர்போன லாப்புவா, 1923 இல் தொடங்கியது. ரவை கட்டுகிற யாரைக் கேட்டாலும் லாப்புவா கோதை ஒரு படி மேலேதான் வைப்பார்கள். சுவரின் கனம் ஒன்றுக்கொன்று மாறாது, அதுதான் அதன் பெருமை. பெரியவரின் அலுமாரியில் நீலப் பெட்டிகளில் அவை அடுக்கி இருக்கும். ஒரு நாள் நான் அதைக் கையில் எடுத்து "என்ன அழகு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

1976 ஏப்ரல் 13. செவ்வாய்க்கிழமை காலை. லாப்புவா ஆலையில் ரவைக்கு மருந்து இடுகிற பகுதி வெடித்தது. 40 பேர் இறந்தார்கள். அவர்களில் 35 பேர் பெண்கள். சின்ன நகரம் அது. இறந்தவர்களில் தங்கள் உறவு இல்லாத வீடு அங்கே குறைவு. பழைய ஆலைக் கட்டடங்கள் இன்று அந்த நகரத்தின் கலாசார மையம். சொல்லி முடித்துவிட்டு அவர் பெட்டியை என்னிடமிருந்து வாங்கி அலுமாரியில் வைத்தார். "நாங்கள் இங்கே ஒரு மேசையில் செய்கிற வேலை அதே வேலைதான். அளவு மட்டும்தான் சின்னது" என்றார். அன்று முதல் அவருடைய மேசையில் ஏன் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் போத்தல் மட்டும் இருக்கிறது, வேலை முடிந்ததும் ஏன் மீதி மருந்து உடனே அதே போத்தலுக்குள் போகிறது, ஏன் அங்கே வானொலி இல்லை, ஏன் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டார், எழும்பும்போது ஏன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதை நான் கேள்வி கேட்காமல் செய்தேன். பிரைமரில் ஈயம் இருக்கிறது. வாய்க்குப் போகக் கூடாது. மற்றவற்றுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மருந்தை நிறுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. அளவை கிரெயின் என்பார்கள், தானியமணி என்று அர்த்தம். ஒரு இறாத்தலுக்கு 7,000 கிரெயின். எங்கள் ஊர்ப் பொற்கொல்லர் தராசில் குன்றிமணி போட்டு நிறுத்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். நாங்கள் நிறுப்பது அதில் இருபதில் ஒரு பங்கு வரைக்கும், கிரெயினின் பத்தில் ஒன்று வரைக்கும். வட ஒன்ராறியோ மாரியில் வீட்டுக்குள்ளே காற்று அவ்வளவு உலர்ந்திருக்கும், மருந்துத் துகள்கள் மின்னேறிப் புனலின் சுவரில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது. இறங்காத அந்தப் பத்துத் துகள் அடுத்த கோதில் போய் விழும். ஒன்றில் குறைவு, ஒன்றில் கூடுதல். அதற்காகப் பெரியவர் ஒரு கேத்தில் தண்ணீரைச் சும்மா கொதிக்க விடுவார். அறையில் ஈரம் ஏறினால் துகள்கள் ஒழுங்காக இறங்கும். எந்தக் கையேட்டிலும் நான் இதை வாசித்ததில்லை. ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வருகிற பாடம்.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆண்டு. நானே கட்டிய ஐம்பது ரவையோடு களத்தில் இருந்தேன். பதினோராவது சுட்டபோது வெடி கேட்கவில்லை. கதவைத் தட்டிய மாதிரி ஒரு "டொக்". தோளில் உதைப்பும் இல்லை. கை பழக்கத்தில் போல்ற்றை இழுத்து அடுத்த ரவையைத் தள்ளப் போனது. காது விடவில்லை. வெடிச் சத்தத்தில் சின்ன வித்தியாசத்தையும் பிரித்தறியப் பழகிய காது அது. எதற்காகப் பழகியது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையை எடுத்துவிட்டேன். குழல் முன்பக்கம் நோக்கியபடியே இருக்க, முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்தேன். பிறகு பெரியவரைக் கூப்பிட்டேன். அந்தக் கோதில் நான் மருந்தே இடவில்லை. பிரைமரின் சக்தி மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள் இறுக்கி வைத்திருந்தது. அதன் பின்னால் இன்னொரு ரவை வெடித்திருந்தால் குழல் பிளந்திருக்கும்.

அவர் கம்பியால் தட்டிக் குண்டை எடுத்தார். திட்டவில்லை. மிச்சம் 39 ரவையையும் பெட்டியோடு வாங்கிக்கொண்டு, "இது இனி ஒன்றும் சுடுகிறதுக்கு இல்லை" என்றார். அன்றிரவு ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றி மருந்தை நிறுத்துப் பார்த்தோம். 38 சரியாக இருந்தன. ஒன்றில் கூடுதலாக இருந்தது. அடுத்த நாள் தொடக்கம், குண்டை வைக்க முன் எல்லாக் கோதையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, கைவிளக்கால் ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்கிறேன். மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இந்தப் பிழையை நான் களத்தில் எல்லோரிடமும் சொன்னேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் இன்றும் சொல்கிறேன். நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கக் கூடியவற்றில் பிழைதான் பெறுமதி கூடியது என்பது என் எண்ணம்.

பெரியவர் எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னது அன்றிரவுதான். நான் மனம் சோர்ந்து, "நீங்கள் கட்டிய பெட்டி ஒன்றைத் தாருங்கள், இந்த ஆண்டு வேட்டைக்கு அதைக் கொண்டு போகிறேன்" என்றேன். இருவர் துவக்கும் ஒரே அளவு, .308. அவர் தலையை ஆட்டினார். "மேசையைத் தாறன், அச்சைத் தாறன், கோதைத் தாறன், என் நேரத்தைத் தாறன். ரவை தரமாட்டேன். என்னுடையதை நீ சுடாதே, உன்னுடையதை நான் சுடமாட்டேன்" என்றார். எனக்கு அம்மப்பா திண்ணையில் துவக்கை மடிக்கு இழுத்துக்கொண்டது கண்ணில் வந்தது.

இதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. ஒரு மருந்தளவு அவருடைய குழலில் பத்திரமாக இருந்தால் என் குழலிலும் பத்திரமாக இருக்கும் என்று இல்லை. அறையின் அளவு மயிரிழை மாறும். குண்டு குழலின் வரிப்பள்ளத்தைத் தொடும் தூரம் மாறும். அழுத்தம் மாறும். அதனால்தான் அச்சில் வந்த கையேட்டின் தொடக்க அளவில் இருந்து, சிறிது சிறிதாக, ஒவ்வொரு படியிலும் சுட்டுப் பார்த்து ஏற வேண்டும். பிரைமர் தட்டையாகிறதா, போல்ற் கைக்கு இறுகுகிறதா என்று பார்த்து, அறிகுறி தெரிந்தால் இறங்க வேண்டும். ஆனால் பெரியவர் மனதில் இருந்தது அறிவியல் மட்டும் இல்லை. தான் கட்டியதன் பொறுப்பைத் தானே தோளில் வைக்க வேண்டும் என்பது. அதை இன்னொருவர் தோளுக்கு மாற்ற முடியாது என்பது.

இந்த விதியை அவர் கடுமையாகக் காத்தார். செப்டெம்பரில், மூஸ் மான் பருவத்துக்கு முன், துவக்கைக் குறி பார்த்துக்கொள்ள ஊரெல்லாம் களத்துக்கு வரும். எங்கள் களத்தில் அந்த நாட்களில் யார் வந்தாலும் உதவுவோம். ஒரு இளைஞன் கிழிந்த பையில் ரவை கொண்டுவந்தான். பழைய சாமான் விற்ற ஒரு வீட்டில் மலிவாக வாங்கியதாம். யாரோ கட்டியவை, பெட்டி இல்லை, சீட்டு இல்லை. பெரியவர் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் காசில் கடைப்பெட்டி ஒன்று வாங்கிக்கொடுத்து அவனைக் குறி பார்க்க வைத்தார். அந்த இளைஞன் இன்று எங்கள் மேசையில் இருந்து கட்டுகிறவர்களில் ஒருவன்.

குளிர் கற்றுத் தருகிற பாடங்கள் தனி. ஜூலையில் கட்டிப் பார்த்த ரவை ஜனவரியில் அதே இடத்தில் அடிக்காது. மருந்து குளிர்ந்தால் மெதுவாக எரியும், குண்டின் வேகம் குறையும், காற்றும் அடர்த்தி கூடிக் குண்டை இழுக்கும். தூரத்தில் குண்டு கீழே விழும். ஆகவே எங்கள் ஆட்கள் மாரியிலும் ஒரு தடவை களத்துக்குப் போவார்கள். பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொஞ்சம், வெளியே பனியில் வைத்துக் கொஞ்சம் சுட்டு, வித்தியாசத்தைக் கொப்பியில் எழுதுவார்கள். துவக்கைச் சூடான வீட்டுக்குள் உடனே கொண்டுவரக் கூடாது. வியர்த்துத் துருப்பிடிக்கும். போல்ற்றில் கோடைக்கால எண்ணெய் இருந்தால் சுடும் ஊசி மந்தமாகும். துடைத்து உலர வைத்துவிட வேண்டும்.

அக்டோபரில் காட்டுக்குப் போவோம். ஆறு பேர். அதில் ஒருவர் அனிஷினாபே இனத்தவர். அந்த ஏரிக்கரை முழுவதும் அவருடைய முன்னோர் நிலம். அவர்களுக்கு அங்கே வேட்டையாடும் உரிமையை 1850 ஆம் ஆண்டு உடன்படிக்கையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதல் மூஸ் மான் விழுந்த இடத்தில் அவர் மண்டியிட்டுக் கொஞ்சம் புகையிலையைத் தரையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தார். இறைச்சியைப் பங்கிட்டபோது சுட்டவனுக்கு ஒரு பங்கு, மற்ற ஐந்து பேருக்கும் அதே பங்கு, வேட்டைக்கு வர முடியாத அவருடைய ஊர்க் கிழவிகள் இருவருக்கு எல்லோருக்கும் முதல் ஒரு பங்கு. வன்னியில் பன்றி விழுந்தால் எங்கள் கிராமத்திலும் விதவை வீட்டுக்குத்தான் முதல் பங்கு போகும். நான் வீட்டுக்கு வந்து என் பங்கை மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி, பெரியவருக்கு ஒரு சட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்.

அவர் போன வருடம் ஏப்ரலில் இறந்து போனார். அதற்கு முந்திய மார்கழியில் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. தராசின் முள்ளைப் பார்க்கக் கண் காணாது. ஒருநாள் கூப்பிட்டார். போனேன். மேசையில் அவர் கட்டி வைத்திருந்த ரவை எல்லாம் இருந்தது. "நான் போன பிறகு இதை யாராவது எடுத்துச் சுடக் கூடாது" என்றார். நான் ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றினேன். அவர் பக்கத்தில் கதிரையில் இருந்து எண்ணினார். இரண்டு மாலைகள் எடுத்தது. மருந்தைச் சேர்த்து ஒரு வாளியில் போட்டோம். அவர் மனைவி அதைக் கொண்டுபோய்ப் பனிக்கு மேலே உருளைக்கிழங்குப் பாத்தியில் தூவிவிட்டு வந்தார். அதில் நைதரசன் இருக்கிறது, மண்ணுக்கு நல்லது என்றார்.

வெறும் கோதுகளை எனக்குத் தந்தார். லாப்புவா .308, மொத்தம் 63. கூடவே நாற்பது ஆண்டுகளாக எழுதிய ஆறு கொப்பிகள். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, வெப்பநிலை, மருந்து, குண்டு, இலக்கில் விழுந்த இடம். மருந்தளவு எழுதிய கட்டத்தை மட்டும் எல்லாப் பக்கத்திலும் கறுப்பு மையால் அடித்திருந்தார். அந்த 63 கோதையும் என் அச்சில் முழு அளவில் இட்டு, கம்பி விட்டுத் தடவிப் பார்த்து, தொடக்க அளவில் இருந்து நானே ஏறி, எனக்கான ரவையைக் கண்டுபிடித்தேன். இன்றைக்கு அவற்றில் 58 பாவனையில் இருக்கின்றன.